சுவரைப் பார்த்து நின்ற அலமாரி

இத்தாலியின் செர்க்கியோ பள்ளத்தாக்கில் போர்கோ ஆ மொட்ஸானோ என்றொரு ஊர். மலையைக் குடைந்த சுரங்கங்கள், கான்கிரீட் பதுங்கு குழிகள், டாங்கிகளை மறிக்கும் சுவர் எல்லாம் இன்றும் இருக்கின்றன. 1944இல் ஜெர்மன் படை அப்பெனைன் மலைகளின் குறுக்கே, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை, சுமார் 300 கிலோமீட்டருக்கு அமைத்த 'காதிக் கோட்'டின் மிச்சம் இது. இவ்வளவு பெரிய பெயருள்ள கோடு உடைந்தால் மானம் போய்விடும் என்று ஹிட்லர் அந்த ஜூனில் 'பச்சைக் கோடு' ஆக்கினார். செப்டம்பரிலேயே அமெரிக்கப் படை ஜோகோ கணவாய் அருகே அதை உடைத்தது. போர்கோவின் சுவரையோ ஜெர்மானியர் பெரிய சண்டை எதுவுமில்லாமல் விட்டுப் போனார்கள்.

கட்டினது யாரு? 'டோட் நிறுவனம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது ராணுவ வரலாறு. நிறுவனமா சிமெண்ட் குழைத்தது? குழைத்தவர்கள் ஆயிரக்கணக்கான இத்தாலியர்கள். கூலிக்கு வந்தவர்கள் உண்டு. வளைத்துப் பிடித்து இழுத்து வரப்பட்டவர்களும் உண்டு.

பதுங்கு குழியின் துளைகள் எதிரி வரும் திசையைப் பார்க்கின்றன. கிராமத்து மக்கள் செத்ததோ, அரணைக் காத்தவர்களின் கையால். 1944 ஆகஸ்ட் 12 அன்று சாந்தான்னா தி ஸ்தாட்ஸேமாவில் சுமார் 560 பேர். செப்டம்பர் 29இலிருந்து ஒரு வாரத்துக்குள் மோன்தே சோலே மலையூர்களில் சுமார் 770 பேர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். கெரில்லாக்களை ஒழிக்கிறோம்னு சொன்னது எஸ்.எஸ். படை.

போர் முடிந்து வழக்குக் கோப்புகள் எழுதப்பட்டன. 1960இல் 'தற்காலிகமாக' மூடப்பட்டன. பனிப்போரில் மேற்கு ஜெர்மனி கூட்டாளி நாடு, கூட்டாளியைச் சங்கடப்படுத்தலாமா? 1994இல் ரோமில், ராணுவ வழக்குத் துறைக் கட்டடம் ஒன்றில், கதவுகள் சுவரைப் பார்த்தபடி நின்ற அலமாரியில் 695 கோப்புகள் கிடைத்தன. சாந்தான்னா படுகொலைக்காக 2005இல் பத்து முன்னாள் எஸ்.எஸ். ஆட்களுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒருத்தரும் நீதிமன்றத்தில் இல்லை. ஜெர்மனி ஒருத்தரையும் ஒப்படைக்கவும் இல்லை.

மலையில் கான்கிரீட் தானாகவே நிற்கும். யாரும் காவல் காக்க வேண்டாம். சாட்சியம் அப்படியில்லை. அதை மறைக்க ஓர் அலமாரியைத் திருப்பி வைத்தால் போதும். ஆகவே பதுங்கு குழிகளைப் பாதுகாக்கக் கிளம்புகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: சுவரின் கனத்தை மட்டும் அளக்கப் போகிறீர்களா, அதன் நிழலில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களையும் எழுதி வைப்பீர்களா?