உதட்டசைவு வாசிப்பு

உதட்டசைவு வாசிப்பு என்பது பேசுபவரின் உதடு, நாக்கு, தாடை ஆகியவற்றின் அசைவுகளையும் முகக்குறிப்பையும் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் முறை ஆகும். காது கேளாதோரும் செவித்திறன் குறைந்தோரும் இதனைப் பயன்படுத்துகின்றனர். பேச்சொலிகள் பல வாயின் உட்புறத்திலும் தொண்டையிலும் பிறப்பதால், அசைவுகளை மட்டும் கொண்டு பேச்சை முழுமையாக அறிய இயலாது. விடுபடும் பகுதிகளை வாசிப்பவர் மொழியறிவையும் சூழலையும் கொண்டு ஊகித்து நிரப்புகிறார்.

ஒலிகளும் அவற்றின் தோற்றமும்

ப, ம ஆகிய இரண்டும் உதடுகள் மூடித் திறப்பதால் பிறப்பவை. ம ஒலிக்கும்போது காற்று மூக்கின் வழியே செல்வது கண்ணுக்குத் தெரியாது. எனவே 'பாடம்', 'மாடம்' ஆகிய சொற்கள் ஒன்றுபோலவே தோன்றும். ல, ள ஆகியவற்றின் வேறுபாடு நாநுனியின் நிலையில் உள்ளது. இதனால் 'பல்லி', 'பள்ளி', 'மல்லி' ஆகிய மூன்றையும் பிரித்தறிவது கடினம். க பின்நாக்கில் பிறப்பதால் 'காடு', 'ஆடு' ஆகியவையும் குழப்பம் தரும். மாறாக, உதடு குவியும் உ, ஓ போன்ற உயிரொலிகளை எளிதில் காணலாம்.

காது கேட்போரும் அறியாமலே உதட்டசைவைப் பயன்படுத்துகின்றனர். ஓர் ஒலியை ஒலிக்கச் செய்து, வேறோர் ஒலியை உச்சரிக்கும் வாயைக் காட்டினால் பலருக்கு மூன்றாவதோர் ஒலி கேட்கிறது. ஆரி மெகர்க், ஜான் மெக்டொனால்டு ஆகியோர் 1976இல் வெளியிட்ட இக்கண்டுபிடிப்பு மெகர்க் விளைவு எனப்படுகிறது.

கற்கும் முறை

கற்பவர் முதலில் கண்ணாடியில் தம் வாயசைவைக் கவனித்து, தெளிவாகத் தெரியும் ஒலிகளை இனங்காண்கிறார். பின்னர் சொற்கள், வாக்கியங்கள், உரையாடல் எனப் பயிற்சி விரிகிறது. பேசப்படும் பொருளை முன்பே அறிவது பெரிதும் உதவும். 'எந்த வகுப்பில் படிக்கிறாய்?' என்ற கேள்வியை அடுத்து வரும் சொல் 'பள்ளி' என்றே கொள்ளப்படும். 'பல்லி' என்று அன்று.

மொழியைக் கற்றபின் செவித்திறனை இழந்தவருக்கு இவ்வாறு ஊகிக்க மொழியறிவு கைகொடுக்கிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கோ அம்மொழியே புதிது. மொழி தெரிந்தால் மட்டுமே நிரப்பக்கூடிய இடைவெளிகளைக் கொண்டே அது மொழியைக் கற்க வேண்டியுள்ளது.

வரலாறு

1778இல் சாமுவேல் ஐனிக்கே ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பேச்சுவழிக் கல்வியை வலியுறுத்தும் பள்ளியைத் தொடங்கினார். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு, சைகை மொழியைவிடப் பேச்சுவழிக் கல்வியே மேலானது எனத் தீர்மானித்தது. அதன்பின் பல நாடுகளின் பள்ளிகளில் சைகை மொழி விலக்கப்பட்டது. மாணவர்கள் உதட்டசைவையே பெரிதும் நம்பிப் பாடங்களைப் பின்தொடர வேண்டியதாயிற்று. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய மாநாடு மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது.

ஒன்றுபோல் தோன்றும் ஒலிகளைக் கையடையாளங்களால் வேறுபடுத்திக் காட்டும் முறையை 1966இல் அமெரிக்காவின் கல்லாடெட் கல்லூரியில் ஓரின் கார்னெட் உருவாக்கினார்.

பேசுபவர் கவனிக்க வேண்டியவை

* முகத்தில் வெளிச்சம் படுமாறு, கேளாதவரை நோக்கி நின்று பேசுதல்.
* இயல்பான வேகத்தில் பேசுதல். கத்துவதும் மிகையாக வாயசைப்பதும் உதட்டின் வடிவத்தை மாற்றிவிடும்.
* கையால் வாயை மறைக்காதிருத்தல். 2020இல் கோவிட் பெருந்தொற்றால் முகக்கவசம் பரவலானபோது உதட்டசைவை வாசிப்போர் பெரும் இடருக்கு உள்ளாயினர்.
* புரியாதபோது அதே சொல்லைத் திரும்பக் கூறாமல் வேறு சொற்களில் கூறுதல். பெயர்களையும் எண்களையும் எழுதிக் காட்டுதல்.

உரையாடலில் தலையசைப்பது புரிந்ததற்கு உறுதியான அடையாளம் அன்று. மருத்துவமனை, நீதிமன்றம் போன்ற இடங்களில் ஊகம் தவறினால் விளைவு கடுமையாகலாம். அங்கு எழுத்து அல்லது சைகை மொழிபெயர்ப்பாளரின் துணை தேவைப்படுகிறது.