விண்மீன் ஒளியும் தட்டின் கணக்கும்

பழைய பிலிம் காமிரா ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்தால் அதன் வேக வளையத்தைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் எண்களோடு 'பி' என்ற குறியும் இருக்கும். அங்கே வைத்துப் பொத்தானை அழுத்தினால், விரலை எடுக்கும்வரை ஒளி உள்ளே சென்றுகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மங்கலான பொருளும் படத்தில் விழும். காரணம் என்ன?

நம் கண் ஒளியை நெடுநேரம் சேர்த்து வைப்பதில்லை. புகைப்படத் தட்டோ உண்டியலைப் போன்றது. விழுந்த ஒளியின் விளைவு அதில் சேர்ந்துகொண்டே போகும். 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் ஒரியன் நெபுலாவை 51 நிமிடம் ஒளிபடச் செய்து படமெடுத்தார். நெபுலா ஒன்றின் முதல் புகைப்படம் அதுவே. 1882இல் 137 நிமிடம் எடுத்த படத்தில் இன்னும் மங்கலான பகுதிகளும் பதிந்தன.

ஆனால் உண்டியலில் விழுந்த காசெல்லாம் கணக்கில் வருகிறதா? 'ஒளியின் செறிவையும் நேரத்தையும் பெருக்கினால் வரும் தொகையே விளைவைத் தீர்மானிக்கும்' என்று 1862இல் புன்சனும் ராஸ்கோவும் கூறியிருந்தனர். அதன்படி, ஒளி நூறில் ஒரு பங்கானால் நூறு மடங்கு நேரம் கொடுத்தால் போதும். இது பொய்யானால், தட்டின் கருமையைக் கொண்டு விண்மீன்களின் பொலிவை அளப்பதும் பிழையாகிவிடும் அல்லவா?

இந்த ஐயத்தை அளந்து தீர்த்தவர் கார்ல் சுவார்ட்ஸ்சைல்டு. 1896இல் வியன்னாவின் குஃப்னர் வானாய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 23. புள்ளியாக விழும் விண்மீனின் கருமையை அளப்பது கடினம். எனவே அவர் குவியத்தைச் சற்று விலக்கி, விண்மீன்களைச் சிறு வட்டங்களாகப் பதித்து, கருமையை ஒப்பிட்டார். மங்கலான ஒளி எப்போதும் நட்டப்பட்டது! நேரத்தை அப்படியே பெருக்கக் கூடாது, அதன் 0.86ஆம் அடுக்கைத்தான் பெருக்க வேண்டும் என்று தம் தட்டுகளுக்குக் கண்டார். அதாவது, ஒளி பத்தில் ஒரு பங்கானால் ஏறத்தாழ 14.5 மடங்கு நேரம் வேண்டும். நூறில் ஒரு பங்கானால் 210 மடங்குக்கு மேல்!

இழப்பு எங்கே நேர்கிறது? 1938இல் கர்னியும் மாட்டும் அளித்த விளக்கம் இதற்கு வழிகாட்டியது. வெள்ளி புரோமைடுப் படிகத்தில் ஒரு போட்டான் விழுந்தால் ஓர் எலெக்ட்ரான் விடுபட்டு, ஒரு வெள்ளி அணு உருவாகலாம். தனி அணு நிலைப்பதில்லை. சிறிது நேரத்தில் சிதைந்துவிடும். அதற்குள் இன்னொன்று வந்து சேர்ந்தால்தான் நிலைத்த கரு தோன்றும். மங்கலான ஒளியில் அடுத்த போட்டான் தாமதமாக வருகிறது. முதலில் வந்ததும் வீணாகிறது.

1916இல் சுவார்ட்ஸ்சைல்டு ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு முதல் துல்லியத் தீர்வைத் தந்தார். அவ்வாண்டே 42 வயதில் மறைந்தார். கருந்துளையைப் பற்றிப் படிக்கும் மாணவர் அவர் பெயரை அறிவர்.

நீங்களும் சோதிக்கலாம். காமிராவை முக்காலியில் பொருத்தி, ஒளிமானி 30 நொடி என்று காட்டும் இரவுக் காட்சி ஒன்றை 30, 60, 120 நொடிகளில் மூன்று முறை எடுங்கள். பிலிமுக்குப் பிலிம் அளவு மாறும். ஆயினும் கழுவி வந்த நெகட்டிவில் 30 நொடிப் படம் மெலிந்து காணப்பட்டால் காமிராவைப் பழிக்காதீர்கள். வியன்னாவில் அந்த இளைஞர் அளந்த அதே இழப்புத்தான் உங்கள் பிலிமிலும் நேர்ந்திருக்கிறது.