பென்குயின் வந்து போன நகராட்சி

2003 மே மாதம் ஜெர்மனியின் மியூனிக் நகர மன்றத்தின் முன், நகராட்சிக் கணினிகளுக்கான மென்பொருளுக்கு இரண்டு விலைப்புள்ளிகள் இருந்தன. ஒன்று மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. முதலில் 3.66 கோடி டாலர் கேட்ட அந்நிறுவனம், பேரம் முற்றியதும் 2.37 கோடிக்கு இறங்கியிருந்தது. மற்றொன்று, பென்குயினைச் சின்னமாகக் கொண்ட லினக்ஸ் இயங்குதளத்துக்காக ஐபிஎம்மும் சூசே நிறுவனமும் சேர்ந்து கொடுத்தது, அது 3.57 கோடி. மன்றம் விலை கூடியதைத் தேர்ந்தெடுத்தது. நம்மூர் அலுவலகமாக இருந்தால் மறு வாரமே தணிக்கைத் தடை விழுந்திருக்கும்.

நகராட்சியின் சுமார் 14,000 கணினிகளில் அப்போது விண்டோஸ் என்.டி. 4 ஓடிக்கொண்டிருந்தது. அது கெட்டுப்போகவில்லை. ஆனால் அதற்கான ஆதரவை நிறுத்தப் போவதாகத் தயாரித்தவர்கள் அறிவித்துவிட்டார்கள். ஓடுகிற பொருளை எப்போது மாற்றுவது என்பதை விற்றவர் முடிவு செய்வதா, வாங்கியவர் முடிவு செய்வதா என்பதுதான் மியூனிக்கில் எழுந்த கேள்வி. பணக்கணக்கு அதற்குப் பிறகுதான்.

அந்த வசந்தத்தில் மைக்ரோசாஃப்ட் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்தார். அதைப் பாதியில் விட்டுவிட்டு மேயர் கிறிஸ்தியான் ஊடெவைப் பார்க்க வந்தார். பிறகு பில் கேட்ஸும் ஊடெவிடம் பேசினார். எதற்காக இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்ஸ் கேட்டதாகவும், சுதந்திரத்துக்காக என்று தாம் சொன்னதாகவும், யாரிடமிருந்து என்று அவர் விடாமல் கேட்க, உங்களிடமிருந்துதான் என்று பதில் சொன்னதாகவும் ஊடெ பின்னாளில் கூறியிருக்கிறார். கொஞ்சம் மெருகேறிய கதையாக இருக்கலாம். என்றாலும், உலகின் பெரும் செல்வந்தர் ஒரு மேயரிடம் மன்றாட வேண்டியிருந்தது என்பது மட்டும் நிஜம்.

தீர்மானம் போட்டாயிற்று, வேலைதான் நகரவில்லை. 2004-இல் மென்பொருள் காப்புரிமை வழக்குகள் வருமோ என்ற அச்சத்தில் திட்டம் சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. லிமக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்த முயற்சிக்கு முதலில் டெபியனும் பின்னர் உபுண்டுவும் அடித்தளமாயின. 2008 இறுதியில்கூட லினக்ஸுக்கு மாறியிருந்த கணினிகள் ஏறக்குறைய 1,200தான்.

இத்தனை தாமதத்துக்கும் இயங்குதளத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அலுவலக எழுத்தருக்கு விண்டோஸும் லினக்ஸும் ஒன்றுதான். அவர் காலை முதல் மாலை வரை பழகுவது படிவங்களோடு. கடிதத் தலைப்பு, அறை எண், தொலைபேசி எண், கையெழுத்திடுபவரின் பதவி எல்லாம் தானாக வந்து விழும் வார்ப்புருக்களையும், யாரோ எப்போதோ எழுதி வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போன மேக்ரோக்களையும் நம்பித்தான் நகராட்சி நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிக் கணினிப் பிரிவு. ஒரே கடிதத்துக்குத் துறைக்கொரு வார்ப்புரு. எங்கே எத்தனை இருக்கின்றன என்ற முழுப் பட்டியல்கூட எவரிடமும் இல்லை. மாற்றுவதற்காகக் கணக்கெடுத்தபோதுதான் குப்பை எவ்வளவு சேர்ந்திருந்தது என்பதே தெரிந்தது. அத்தனையையும் ஒழுங்குபடுத்த நகராட்சியின் நிரலாளர்களே வோல்மக்ஸ் என்ற துணைமென்பொருளை எழுதினார்கள். 2008-இல் அதை எல்லோருக்கும் திறந்தும் விட்டார்கள். ஒரு நகராட்சி மென்பொருளை வாங்காமல் எழுதி வெளியிட்டது அன்றைக்கு அபூர்வம்.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குப் பதிலாக அவர்கள் முதலில் கையாண்ட ஓப்பன் ஆபீஸுக்கும் ஜெர்மனிதான் பிறந்தகம். மார்கோ பெரீஸ் என்ற பதின்வயதுப் பையன் 1985-இல் லூனெபுர்க் நகரில் தொடங்கிய நிறுவனத்தின் ஸ்டார் ஆபீஸ்தான் அதன் மூலம். 1999-இல் அந்த நிறுவனத்தை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. மறு ஆண்டு மூலநிரலைத் திறந்துவிட்டது. 2010-இல் சன் ஆரக்கிள் கைக்குப் போனதும், நிரலாளர்கள் பலர் பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். மியூனிக்கும் அவர்கள் பின்னால் போனது.

2013 இறுதியில் திட்டம் நிறைவேறியதாக அறிவிப்பு வந்தது. சுமார் 15,500 கணினிகளில் 14,800 மாறியிருந்தன. விண்டோஸிலேயே தொடர்ந்திருந்தால் ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிட்டு, ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகராட்சி கணக்குக் காட்டியது. மைக்ரோசாஃப்ட் கேட்டு எச்.பி. தயாரித்த ஆய்வோ, லினக்ஸ்தான் பல மடங்கு செலவு என்று எதிர்க்கணக்குப் போட்டது.

2014-இல் ஊடெ விலகி, அதே கட்சியின் டீட்டர் ரைட்டர் மேயரானார். காற்று திசை மாறியது. வெளியிலிருந்து வரும் வேர்டு கோப்புகள் லிப்ரே ஆபீஸில் கலைந்து தெரிகின்றன என்ற புகார் பழையது, நியாயமானதும்கூட. கைபேசியில் மின்னஞ்சல் கிடைக்கத் தாமதமானதும் லினக்ஸ் கணக்கிலேயே எழுதப்பட்டது. அதற்கும் மேசைக் கணினியில் ஓடும் இயங்குதளத்துக்கும் சம்பந்தமில்லை. 2016-இல் மைக்ரோசாஃப்டின் ஜெர்மன் தலைமையகம் புறநகரிலிருந்து மியூனிக் நகருக்குள் குடிவந்தது. இந்த இடமாற்றத்துக்கும் நகராட்சியின் மனமாற்றத்துக்கும் முடிச்சுப் போட ஆதாரம் எதுவும் வெளிவந்ததில்லை. ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

நகராட்சி கேட்டு அக்சென்சர் தயாரித்த ஆய்வறிக்கை, சிக்கலின் பெரும்பகுதி நிர்வாக அமைப்பில் இருப்பதாகச் சொன்னது. துறைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. பழைய பதிப்புகள் புதுப்பிக்கப்படாமலே கிடந்தன. விண்டோஸுக்குத் திரும்பக் கட்டாயமான தொழில்நுட்பக் காரணம் இல்லை என்று நகராட்சிக் கணினிப் பிரிவின் தலைவரே 2017-இல் கூறினார். அதே ஆண்டு நவம்பரில் மன்றம் விண்டோஸ் 10-க்குத் திரும்ப வாக்களித்தது. செலவு ஏறக்குறைய 5 கோடி யூரோ. அந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துபோனது.

பிரான்சின் ஜாந்தர்மெரி காவல்படை இதே வேலையை வேறு வரிசையில் செய்தது. 2005-இல் விண்டோஸைத் தொடாமல் ஓப்பன் ஆபீஸை மட்டும் கொண்டுவந்தார்கள். பிறகு ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, தண்டர்பேர்ட் மின்னஞ்சல். கை பழகிய பின், 2008 முதல் உபுண்டு. அந்தக் கட்டத்தில் காவலர்களுக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம், சின்னங்களும் விளையாட்டுகளும்தான் என்று பொறுப்பிலிருந்த அதிகாரி சொன்னார். விளையாட்டு அவர்களுக்கு முக்கியமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். ஊடக வெளிச்சம் அதிகம் படாத அந்த ஏற்பாடு இன்றும் பல்லாயிரம் கணினிகளில் ஓடுகிறது.

ஜெர்மனியின் வட கோடியிலுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமும் ஏறத்தாழ அந்த வரிசையையே பிடித்திருக்கிறது. சுமார் 30,000 அரசுக் கணினிகளில் லிப்ரே ஆபீஸைக் கொண்டுவர 2024 ஏப்ரலில் முடிவெடுத்தது. 2025 அக்டோபர் தொடக்கத்தில் 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை மைக்ரோசாஃப்டிடமிருந்து ஓப்பன்-எக்ஸ்சேஞ்சுக்கும் தண்டர்பேர்டுக்கும் மாற்றி முடித்தது. லினக்ஸின் முறை அதற்கு அடுத்து.