பாட்டுக்கா, பாடகருக்கா? ‘கிறிஸ்தவ ரொக்’ என்ற பெயர் குறித்து ஓர் ஆய்வு

1. சிக்கல்

ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் ரூஜ் ஆற்றைத் தாண்டினால் பிக்கரிங். வீடு வாங்கி அங்கே குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. இந்த ஊர் வெளியுலகம் அறிந்த இரண்டு இசைக்கலைஞர்களைத் தந்திருக்கிறது. ஒருவர் பைன் ரிட்ஜ் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஷோன் மெண்டெஸ். மற்றவர் மனஃபெஸ்ட் என்ற பெயரில் பாடும் கிறிஸ் கிரீன்வுட். மெண்டெஸைப் பொப் பாடகர் என்கிறோம். மனஃபெஸ்ட், சறுக்குப் பலகை விளையாட்டில் காயம்பட்ட பிறகு றப் பாட வந்து, பின்னர் மின்கிற்றாரின் முழக்கத்தை அதனோடு சேர்த்தவர். அவரைக் ‘கிறிஸ்தவ றப்’ என்றும் ‘கிறிஸ்தவ ரொக்’ என்றும் அடுக்குகிறோம். முன்னவருக்கு ஓசையால் வந்தது பெயர். பின்னவருக்கு நம்பிக்கையால் வந்தது.

சமய அடைமொழி பாட்டுக்கு உரியது, பாடுபவருக்கு உரியதன்று என்பதே என் துணிபு. அதை அவரே விரும்பிச் சூடிக்கொண்டால் மட்டும் அது வேறு கதை.

2. பெயர் வந்த வழி

லரி நோர்மனின் ‘அப்பொன் திஸ் ரொக்’ 1969இல் வெளிவந்தது. கிறிஸ்தவ ரொக்கின் முதல் இசைத்தட்டு என்று பலரும் அதைத்தான் சுட்டுவார்கள். அதை வெளியிட்ட கப்பிட்டல் சமய நிறுவனமன்று, பெரிய வணிக நிறுவனம். தனிக் கிறிஸ்தவ நிறுவனங்களும் தனி வானொலிகளும் தனிப் பட்டியல்களும் பிறகுதான் பெருகின. இசைத்தட்டுகள் வேதாகமம் விற்கும் கடைகளின் அலமாரிக்குப் போயின. ஆகவே ‘கிறிஸ்தவ ரொக்’ என்பது இராகத்தின் பெயருமன்று, தாளத்தின் பெயருமன்று. சரக்கு எந்தக் கடை வழியாகப் போகிறது என்பதன் பெயர். மனஃபெஸ்டின் ‘எபிஃபனி’ 2005இல் சியாற்றிலின் பி.இ.சி. நிறுவனம் வழியாக வந்ததும் இந்தப் பாதையில்தான்.

கனடாவில் இந்தப் பாகுபாட்டுக்கு அரசு முத்திரையும் உண்டு. ஒரே சமயத்துக்கான வானொலி நிலையங்களுக்கு ஒலிபரப்பு ஆணையமான சி.ஆர்.டி.சி. 1993இல் கதவு திறந்தது. அதன் இசை வகைப்பாட்டில் 35ஆம் துணைவகை, செவ்வியல் சாராத சமய இசை. தேவாலய இசை, நற்செய்திப் பாடல், துதிப்பாடல், தற்காலக் கிறிஸ்தவ இசை எல்லாம் அதற்குள் அடங்கும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: ஆணையம் வகைப்படுத்துவது ஒலிபரப்பாகும் பாட்டை. பாடுபவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார் என்று அது கேட்பதில்லை. அரசாங்கப் படிவத்துக்கு இருக்கும் இந்தத் தெளிவு இரசிகர்களாகிய நமக்கும் வேண்டும்.

3. தமிழ்ச் சபை செய்த வகைப்பாடு

ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய கீர்த்தனைப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்தால், பாட்டின் தலையில் இராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். அதன் கீழே பல்லவி, அனுபல்லவி, எண்ணிட்ட சரணங்கள். மேல்நாட்டு மெட்டில் பாடுவதற்கான மொழிபெயர்ப்புகள் ‘பாமாலை’ என்று தனியே நிற்கும். இரண்டும் கிறிஸ்துவைப் பாடுபவை. ஒரே ஆராதனையில் அடுத்தடுத்து வருபவை. ஆனால் நம் முன்னோர் அவற்றைப் பிரித்தது வடிவத்தால்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். சிங்கனும் சிங்கியும் வரும் அதே குறவஞ்சி வடிவம்தான். அதே தஞ்சையில் சரபோஜி மன்னர்மேல் சிவக்கொழுந்து தேசிகர் பாடியதும் குறவஞ்சியே. பாட்டுடைத் தலைவன் மாறினான், இலக்கிய வகை மாறவில்லை.

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். அவர் இயற்றியவை ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’. கர்நாடகக் கச்சேரி மேடை அவற்றை ஏற்றுக்கொண்டது. அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) தமிழின் முதல் நாவல் எனப்படுகிறது, முதல் கிறிஸ்தவ நாவல் என்றன்று. ஆபிரகாம் பண்டிதர் ஜெபம் செய்தவர், சித்த மருத்துவம் பார்த்தவர், 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ தந்தவர். அந்த நூலைக் கிறிஸ்தவ இசையியல் என்று ஒதுக்கியிருந்தால் நட்டம் அவருக்கில்லை, தமிழிசைக்கு.

ஒதுக்கும் கை இன்றும் ஓயவில்லை. 2018 ஆகஸ்டில், கிறிஸ்தவப் பாடல்களைப் பாடியதற்காகக் கர்நாடகப் பாடகர்கள் சிலருக்கு மிரட்டல் வந்தது. மாதம் ஒரு பாட்டு இயேசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ வெளியிடுவேன் என்று கர்நாடகப் பாடகர் டி.எம். கிருஷ்ணா அறிவித்தார். பாட்டைக் கேட்குமுன் ‘யார் வீட்டுப் பாட்டு’ என்று கேட்கும் பழக்கம் போய்ச் சேரும் இடம் இதுதான். அடைமொழியை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணமும் இதுதான்.

4. மறுதரப்பு

அடைமொழியால் பயனில்லை என்று சொல்ல முடியாது. பிள்ளை காதில் என்ன மாட்டியிருக்கிறது என்று கவலைப்படும் தாய்க்கு அது வழிகாட்டி. இளம் குழுவுக்குச் சபை வாலிபர் கூட்டமே முதல் மேடை, சில வேளை முதல் வருமானமும். பெர்க்மான்ஸ் பாதிரியாரின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ சமயப் பாடல்கள்தாம், ஆராதனைக்கென்றே பிறந்தவை. அவற்றுக்கு வேறு பெயர் தேடுவது போலி அடக்கம்.

ஆனால் ஒட்டாவாவில் பிறந்த பாடகர் புரூஸ் கொக்பேர்னைப் பாருங்கள். எழுபதுகளில் கிறிஸ்தவரானவர். குவாத்தமாலா இராணுவத்துக்குத் தப்பி மெக்சிக்கோ முகாம்களில் கிடந்த அகதிகளைக் கண்டுவந்து, கையில் ராக்கெட் இருந்தால் என்ன செய்வேன் என்று 1984இல் கொதித்துப் பாடினார். வேதாகமக் கடையின் அலமாரியில் அந்தப் பாட்டுக்கு இடம் கிடைத்திருக்குமா? குண்டுவீச்சுக்கு ஓடி அகதியானவர்கள் நாம். அந்தக் கோபம் நமக்கு அந்நியமில்லை. அது அவருடைய விசுவாசத்துக்குப் புறம்பானதென்றும் நான் நினைக்கவில்லை.

5. அளவுகோல்

பெயரிடுமுன் கேட்க வேண்டியவை, இந்தப் பாட்டு யாரை நோக்கிப் பாடப்படுகிறது, எங்கே பாடுவதற்காக எழுதப்பட்டது என்பவையே. பதில் ‘ஆண்டவரை நோக்கி, சபையில்’ என்றால் தயங்காமல் கிறிஸ்தவப் பாடல் என்போம். அதே குழுவின் அடுத்த பாட்டு பிரிவைப் பற்றியதென்றால், அது வெறும் ரொக். ஒரே அல்பத்தில் இரண்டும் இருக்கலாம்.

இதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதுமில்லை. திரை இசையமைப்பாளர்கள் ஹாரிஸ் ஜெயராஜும் இமானும் கிறிஸ்தவர்கள். ரொறன்ரோத் தமிழ் வானொலியில் அவர்கள் பாட்டு வரும்போது அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்கிறார், பாடியவர் பெயரைச் சொல்கிறார், பாட்டை ஒலிக்க விடுகிறார்.