ஒரு மாங்கனியின் கணக்கு

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பு ‘சங்க இலக்கியத்தில் விருந்தோம்பல்’. மொத்தம் 312 பக்கங்கள். வாய்மொழித் தேர்வு நடந்த அன்று அம்மா விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். புறத்தேர்வாளர், நெறியாளர், துறைப் பேராசிரியர்கள், உடன் படித்தவர்கள் என்று பதினெட்டுப் பேருக்கு எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. தேர்வாளருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. வழக்கம் உண்டு. தமிழ்த்துறையில் ஆய்வு செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாப்பிட்டுக் கைகழுவி வந்த புறத்தேர்வாளர், “உங்க பொண்ணு ஏட்டுல எழுதுனத நீங்க இலையில காட்டிட்டீங்கம்மா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா அடுக்களை நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். நாலரை மணிக்கு, எல்லோரும் போன பிறகு, குழம்புச் சட்டியை வழித்துப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவள் கேட்டாள்.

“எதப் பத்திடி எழுதுன?”

“விருந்தோம்பல் பத்திம்மா.”

“வந்தவுகளுக்குச் சோறு போடுறதா?”

“ஆமா.”

“அதுக்கு முந்நூறு பக்கமா?”

அன்று எடுத்த புகைப்படங்கள் இன்னும் இருக்கின்றன. எதிலும் அம்மா இல்லை. ஒன்றில் மட்டும், நெறியாளரின் இலைக்கு மேல் ரசக் கரண்டியோடு ஒரு கை தெரிகிறது. கண்ணாடி வளையலை வைத்து அது அம்மாவின் கை என்று சொல்லலாம்.

சில ஆண்டுகள் கழித்து ஆய்வேட்டைப் புத்தகமாக்கலாம் என்று எடுத்துப் படித்தபோதுதான் உறைத்தது. வள்ளல்களை வரிசைப்படுத்தியிருந்தேன். பாணருக்குக் கிடைத்த ஊனையும் கள்ளையும் திணைவாரியாக அட்டவணை போட்டிருந்தேன். சமைத்தது யார் என்பதற்கு ஒரு துணைத்தலைப்புகூட இல்லை. புகைப்படத்தில் இருந்த அந்தக் கையளவுகூட அம்மாவுக்கு என் ஆய்வேட்டில் இடமில்லை. புத்தகம் போடும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

நான் மட்டுமா அப்படி எழுதினேன் என்று என்னைத் தேற்றிக்கொள்ள வழி இருக்கிறது. திருக்குறளில் ‘விருந்தோம்பல்’ அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பத்துக் குறளிலும் அடுப்பு இல்லை, உலை இல்லை, மனைவி இல்லை. இருக்கிற ஒரே பெண் திருமகள். அவள் அடுக்களைக்குள் வர மாட்டாள். விருந்தினர் உண்டது போக மிஞ்சியதை உண்பவன் ஒருவன் வருகிறான். அவன் ஆண். எங்கள் ஊரில் அப்படி ஓர் ஆணை நான் பார்த்ததில்லை. வள்ளுவர் பார்த்திருக்கலாம். முகம் மாறினால் விருந்தினர் மனம் வாடிவிடும் என்று அனிச்சப் பூவைக் காட்டி முடிக்கிறார். அடுப்பின் முன்னால் அரை நாள் நின்ற முகத்துக்கும் அந்த விதிதான்.

தொல்காப்பியம் இன்னும் நேராகப் பேசுகிறது. கற்பியலில் தலைவியின் மாண்புகளில் ஒன்றாக விருந்து புறந்தருதலை வைத்துவிடுகிறது. வேலை அவளுடையது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

நற்றிணை 120ஆம் பாட்டு மாங்குடி கிழார் பாடியது. நான் ஆய்வேட்டில் மிகவும் ரசித்து எழுதிய பாட்டு அது. வாளைமீனை அறுத்துச் சமைக்கிறாள் தலைவி. புகை கண்ணில் ஏறுகிறது. நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொள்கிறாள். வேறு பெண்ணிடம் போய்விட்டு வந்திருக்கும் தலைவன், இன்னும் விருந்தினர் வரட்டும் என்று ஆசைப்படுகிறான். விருந்தினர் முன்னால் அவள் கோபிக்க மாட்டாள், சிரித்த முகத்தைப் பார்க்கலாம் என்பது அவன் கணக்கு. ‘விருந்து வாயிலாக ஊடல் தணிதல்’ என்று நான் இதற்குத் தலைப்பிட்டிருந்தேன். ஊடல் எங்கே தணிந்தது? கோபப்படும் உரிமையை வாசலில் வந்து நின்ற மூன்றாம் மனிதர் பறித்துக்கொண்டார், அவ்வளவுதான். கல்யாணமான எந்தப் பெண்ணிடமும் இந்தப் பாட்டைச் சொல்லிப் பாருங்கள். பாதியிலேயே சிரித்துவிடுவாள்.

அலட்டிக்கொள்ளாமல் விருந்து வைப்பது எப்படி என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் நாளே மசாலாவை அரைத்து வை, பதார்த்தங்களைக் குறை, பாத்திரத்தை அவ்வப்போது கழுவிவிடு. எல்லாம் நல்ல யோசனைகள்தாம், நானும் செய்கிறேன். ஆனால் பழைய நூல்களை மறுபடி படிக்கும்போது, எளிது என்பதைக் கறிகளின் எண்ணிக்கையை வைத்து அளக்க முடியாது என்று தோன்றுகிறது. அரிசிப் பானைக்குள் கைவிடும்போது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற நிலை இருக்கிறதே, அதுதான் எளிது. அந்த நிலை தமிழ்ப் பெண்ணுக்கு எப்போதெல்லாம் இருந்தது என்று தேடினால் அகப்படுவது கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்தில் ஒன்று புறநானூறு 163. வறுமையில் கிடந்த பெருஞ்சித்திரனார், முதிரமலைக் குமணனிடம் பரிசில் பெற்று வீட்டுக்கு வருகிறார். மனைவியிடம் சொல்கிறார்: உன்னை விரும்புகிறவர்களுக்குக் கொடு, நீ விரும்புகிறவர்களுக்குக் கொடு, உன் சுற்றத்துக்குக் கொடு, நாம் பசித்திருந்தபோது உனக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் கொடு, இன்னாருக்கு என்று எண்ணாதே, என்னைக் கேட்காதே, சேர்த்துவைக்கவும் நினைக்காதே. அவளை ‘மனைகிழவோய்’ என்று அழைக்கிறார், வீட்டுக்கு உரியவளே என்று. எத்தனை முறை வகுப்பில் நடத்தினாலும் எனக்குக் குரல் சற்றே தழுதழுக்கும் பாட்டு. ஆனாலும் ஒன்று. ‘என்னைக் கேட்காதே’ என்று ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், கேட்டுக் கொடுப்பதுதான் வழக்கமாக இருந்திருக்கிறது.

அந்தப் பாட்டில் வரும் கடனுக்குக் குறியெதிர்ப்பை என்று பெயர். அளந்து வாங்கி அதே அளவு திருப்பிக் கொடுப்பது. எங்கள் ஊர் இளையான்குடிப் பக்கம்; மிளகாயும் மானாவாரி நெல்லும் விளைகிற வறண்ட சீமை. சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்துவிட்டால் அம்மா என் கையில் டம்ளரைக் கொடுத்துக் கொல்லைவாசல் வழியாக அனுப்புவாள். ஒரு டம்ளர் சீனி, அரைப்படி அரிசி, இரண்டு முட்டை. முன்வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தப் போக்குவரத்து தெரியாது. எங்கள் வீட்டு விருந்தோம்பல் பாதி பக்கத்து வீட்டுப் பெண்களின் பானைகளிலிருந்து வந்தது. இதையும் சொல்ல வேண்டும்: டம்ளரோடு நான் போன வீடுகள் எல்லாம் எங்கள் சாதி வீடுகள்தாம். மிளகாய் பறிக்க வந்தவர்களுக்கு அதே கொல்லையில் வைத்துத்தான் அம்மா சோறு போட்டாள், தனித் தட்டில். அவர்களை ‘விருந்தாளி’ என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அம்மாவும் சொன்னதில்லை.

விருந்து வைக்கும் உரிமை பெண்ணுக்குக் கணவன் வழியாகத்தான் வந்தது என்பதைக் கண்ணகியைப் போல வேறு யாரும் சொல்லவில்லை. மதுரையில், கொலைக்களக் காதையில், கோவலனுக்குக் கடைசிச் சாப்பாடு போட்ட பிறகு அவள் சொல்லும் குறை அதுதான். அவன் மாதவியோடு இருந்த நாட்களில் அறவோரையும் துறவோரையும் விருந்தினரையும் பேணும் வாய்ப்பைத் தான் இழந்துவிட்டதாகச் சொல்கிறாள். புகாரில் பெருவணிகர் வீட்டு மருமகள். வீடும் ஆட்களும் இருந்தும், கணவன் இல்லாத வீட்டில் இலை போட முடியவில்லை.

எங்கள் ஊருக்குப் பெருமை இளையான்குடி மாற நாயனார். மழை இரவில் அடியார் ஒருவர் வருகிறார், வீட்டில் ஒன்றுமில்லை. அன்று விதைத்த நெல்லை வாரி வரலாம் என்ற யோசனை மனைவியுடையது. அவர் கூடையோடு இருட்டில் போய் வாரி வருகிறார். அதை வறுத்துக் குத்திச் சோறாக்குகிறவள் அவள். விறகில்லை என்றதும் அவர் கூரைக் கழியை அறுத்துப் போடுகிறார். முற்றாத கீரையைப் பிடுங்கி வந்தபோது, அந்த ஒன்றையே வேறு வேறு கறியாக்கியவளும் அவள்தான். நாயன்மார் வரிசையில் இருப்பவர் அவர். பெரியபுராணத்தில் விருந்து என்றால் வீட்டிலிருக்கும் பெண்களுக்கு வயிற்றைக் கலக்கும் என்று நினைக்கிறேன். இயற்பகையார் கேட்ட அடியாருக்கு மனைவியையே கொடுத்தார். சிறுத்தொண்டர் வீட்டில் பெற்ற பிள்ளையைக் கறியாக்கினாள் தாய்.

அதே பெரியபுராணத்தில்தான் அலட்டிக்கொள்ளாமல் விருந்து வைத்த ஒரு பெண்ணும் இருக்கிறாள். காரைக்காலில் புனிதவதி. கணவன் பரமதத்தன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறான். பசியோடு ஓர் அடியார் வருகிறார். சோறு வெந்திருக்கிறது, கறி ஆகவில்லை. அவள் பதறவில்லை. காத்திருங்கள் என்று உட்காரவைத்துவிட்டு நாலு வகை செய்ய ஓடவில்லை. சோற்றைப் போட்டு ஒரு மாங்கனியை வைத்துவிடுகிறாள். முடிந்தது. எனக்குத் தெரிந்து தமிழில் இதைவிட எளிய விருந்து இல்லை.

நடுப்பகலில் கணவன் வருகிறான். மீதியிருந்த கனியைச் சாப்பிட்டுவிட்டு மற்றொன்றையும் கேட்கிறான். ‘வந்தவருக்குக் கொடுத்துவிட்டேன்’ என்று சொல்லிவிடலாமே என்று மாணவிகள் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்கள். மாணவர்கள் கேட்பதில்லை. அவள் சொல்லவில்லை. உள்ளே போய் இறைவனை நினைத்து நின்று, கையில் வந்த கனியைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். ஒரு மாங்கனிக்குக் கணக்குச் சொல்ல முடியாமல் தெய்வத்தைக் கூப்பிட வேண்டியிருந்த வீடு அது. ருசி வேறாக இருக்கிறதே, எங்கே கிடைத்தது என்று இரண்டாவது கேள்வியும் வருகிறது. உண்மையைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. இன்னொன்றை வரவழைத்துக் காட்டச் சொல்கிறான். வந்த கனி அவன் கையில் மறைந்ததும் பயந்துபோய்க் கப்பலேறிவிடுகிறான். பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண்ணுக்கு இவள் பெயரையே வைக்கிறான்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய கதை இது. அம்மையார் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர். அவருடைய அற்புதத் திருவந்தாதியிலோ திருவாலங்காட்டுப் பதிகங்களிலோ மாங்கனியும் இல்லை, கணவனும் இல்லை. தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறார். பேய்க்குச் சமையல் இல்லை. ஆனி மாதத்தில் காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை அள்ளி இறைக்கிறார்கள். ஒரு முறை போயிருந்தேன். கூடை கூடையாகப் பழம் பறக்கிறது. அன்று ஒரு பழத்துக்குத்தான் இவ்வளவும்.

பகுத்தறிவு வீடுகளின் கதையும் ரொம்ப வேறல்ல. நாகம்மையார் 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நின்றவர், 1924இல் வைக்கத்துக்குப் போனவர். ஈரோட்டு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் முகம் கோணாமல் சமைத்துப் போட்டவர் என்றும் அவரைச் சொல்வார்கள். 1933 மே 11 அன்று அவர் இறந்தபோது பெரியார் ‘குடிஅர’சில் எழுதிய இரங்கலில், பெண் விடுதலை பற்றி ஊருக்குச் சொன்னதில் நூற்றில் ஒரு பங்காவது நாகம்மாளிடம் நடந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ளத் தனக்கு யோக்கியதை இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். புறத்தேர்வாளர்கள் யாரும் அப்படி எழுதி நான் பார்க்கவில்லை.

அம்மா கடைசி மூன்று ஆண்டுகள் என்னோடு இருந்தாள். ஒரு பொங்கல் விடுமுறையில் தோழிகள் ஒன்பது பேர் வந்தார்கள். ஒரு குண்டா கூட்டாஞ்சோறு, அப்பளம், ஊறுகாய், மோர். காய் நறுக்கியது வந்தவர்கள், தட்டுக் கழுவியதும் வந்தவர்கள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “வந்தவுகள இப்படியா வேல வாங்குவாக?” என்று என் காதில் கிசுகிசுத்தாள். ஒரு தோழி அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்து முதல் கரண்டியை அவள் தட்டில் போட்டாள். எழப்போனாள். நான் தோளை அழுத்தினேன். சாப்பிட்டாள். எல்லோரோடும் பேசிக்கொண்டே இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னாள். எனக்கு ஆறு வயது இருக்கும். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர். வீட்டிலும் புளி, மிளகாய் வரைக்கும் நோட்டில் இருக்கும். கண்மாயில் பிடித்த விரால் மீனைப் பொரித்து அப்பாவுக்கென்று நாலு துண்டு மூடிவைத்திருந்தாள். ராத்திரி அவர் சாப்பிட உட்கார்ந்தபோது இரண்டுதான் இருந்தது. பூனை தின்றுவிட்டது என்றாள். அப்பா விறகுக் கட்டையோடு பூனையை விரட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“பூனை தின்கல. எங்கூடப் படிச்சவ ஒருத்தி பஸ்ஸ விட்டுட்டு வந்தா. பசியா இருக்குன்னா. எடுத்து வச்சேன்” என்றாள் அம்மா.

“அப்பாட்ட சொல்லிருக்கலாம்ல?”

அதற்குப் பதில் சொல்லவில்லை. தட்டில் ஒட்டியிருந்த பருக்கையைத் தொட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

“அந்தப் பூனைக்கு ரெண்டு நாளா பாலு ஊத்த விடல உங்கப்பா. அதான் மனசு கேக்கல எனக்கு.”