துறைமுகத்தின் தெய்வங்கள்: நயினா சத்துவின் சிதை

மலாயா விடுதலை பெறும் நாளைத் துங்கு அப்துல் ரகுமான் 1956 பிப்ரவரி 20 அன்று மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்ததும், அதன்பின் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தில் நாட்டின் சமயம் பற்றி எழுந்த வழக்கும் இவ்வாரப் பகுதிக்கு உரியவை. ஆயினும் ஆட்சியாளரின் சமயத்தைச் சேராத குடிகள் எதன்மேல் காலூன்றி நிற்கின்றனர் என்னும் கேள்வியே அவ்வழக்கின் வேர் என்பதாலும், அக்கேள்விக்கு உயிரையே விலையாகக் கொடுத்த தமிழர் ஒருவர் அதற்கு 442 ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் வாழ்ந்தவர் என்பதாலும், அவரைக் கடந்துதான் அந்தத் திடலுக்குச் செல்ல வேண்டியுள்ளது.

மலாக்கா சுல்தான்களின் பல்சமய ஏற்பாடு அன்பினால் எழுந்ததன்று. துறைமுகக் கணக்கினால் எழுந்தது. கடைவீதியில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிய போர்த்துகீசியர் தோமே பிரஸ், வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபண்டார்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்ததையும் குறிக்கிறார். குஜராத்தியருக்கென்றே ஒருவர் இருக்க, சோழமண்டலக் கரையார், வங்காளியர், பெகு நாட்டார் ஆகியோர் அனைவரும் இன்னொருவரின் பொறுப்பில் அடங்கினர். மலாய் ஏடுகள் சோழமண்டலக் கரையாரைக் 'கெலிங்' என்று அழைத்தன; கலிங்கத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் அச்சொல் இன்று வசைச்சொல்லாகக் கேட்கிறது, அன்றோ வெறும் ஊர்ப்பெயராகவே இருந்தது.

அக்காலத்துப் பகையைச் சமயக் கோடு கிழித்துப் பிரித்துவிட முடியாது என்பதற்கு 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று ஏடு சொல்லும் கதையே போதும். பெண்டஹாரா, அதாவது தலைமையமைச்சர், துன் முத்தாஹிரின் பாட்டனார் மணி புரிந்தான் தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம். ஷாபண்டார் ராஜா முதலியாரும் வணிகத் தலைவர் நயினா சூரதேவனும் கெலிங்குகள். இவ்விருவருக்கும் இடையே வழக்கு மூண்டபோது சூரதேவன் இரவோடிரவாகப் பெண்டஹாராவிடம் பொன் கொண்டு கொடுக்க, முதலியாரிடம் கடன்பட்டிருந்த கித்துல் என்பவர், அந்தப் பொன் முதலியாரின் தலைக்கு விலை என்று அவரிடமே ஓதி, தம் கடனைத் தள்ளுபடி செய்துகொண்டார். அஞ்சிய முதலியார் பெண்டஹாராமேல் அரசத் துரோகப் பழியை ஏற்ற, சுல்தான் மஹ்மூத் விசாரணையின்றிப் பெண்டஹாராவைக் குடும்பத்தாரோடு கொல்வித்தார். உண்மை வெளிப்பட்டதும் முதலியாரும் கித்துலும் கொல்லப்பட்டனர். ஒரு கோள்மூட்டியின் நாக்கு இத்தனை தலைகளை வாங்கியதென்றால் அந்த ஆட்சியில் நீதி எந்த நிலையில் இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. மஹ்மூதை மாற்றானிடம் மண்ணை இழந்த வீரராக மட்டும் காட்டும் நூல்கள் இந்த இடத்தை விரைந்து தாண்டிவிடுகின்றன.

இத்தகைய ஊரில் வாழ்ந்த இந்து வணிகர்தான் நயினா சத்து. போர்த்துகீசியர் 'நினா சத்து' என்று எழுதிய பெயரின் முற்பாதி 'நயினார்' என்னும் மரியாதைச் சொல்லாகவும் பிற்பாதி 'செட்டி' என்பதன் திரிபாகவும் இருக்கலாம். 1509-இல் வந்த தியோகு லோபஸ் த செக்கேய்ராவின் கப்பல்கள் தாக்குதலுக்கு அஞ்சித் தப்பியோடியபோது சிறைப்பட்டு நின்ற ருய் த அராவுஜோ முதலியோருக்கு உதவி, அவர்களின் கடிதம் போர்த்துகீசியத் தளபதி அபோன்சோ த அல்புகெர்க்கைச் சென்றடைய வழிசெய்தவர் இவர். 1511 ஆகஸ்டில் நகரம் போர்த்துகீசியரிடம் வீழ்ந்தபோது இவருடைய ஆட்களின் வீடுகளைக் கொள்ளையிடக் கூடாதென்று அல்புகெர்க் ஆணையிட்டதற்கும், முஸ்லிம் அல்லாதாரின் தலைவராக இவர் அமர்த்தப்பட்டதற்கும் காரணம் அதுவே.

மலாய் தேசியவாதிகளின் கண்ணில் இவர் காட்டிக்கொடுத்தவர்; இந்துப் பெருமை பேசுவோரின் கண்ணில் சுல்தானிய ஒடுக்குமுறைக்கு எதிராக நின்றவர். இரண்டு தீர்ப்பும் பிழையானவை, ஏனெனில் தேசம் என்னும் கருத்தே பிறவாத காலத்தில் தேசத் துரோகம் இருக்க முடியாது. சமயப் போராளிக்கோ கப்பலில் பங்கு கேட்கும் வழக்கம் கிடையாது. சத்து கேட்டார், பெற்றார். பெகு நாட்டுக் கரைக்கும் பின்னர்ச் சீனத்துக்கும் சென்ற போர்த்துகீசிய அரசின் முதல் மரக்கலப் பயணங்களில் அவரது முதலீடு இருந்தது. குஜராத்தியரின் கை ஓங்கியிருந்த சந்தையில் சோழமண்டல வணிகருக்கு இடம் பிடிக்கவே அவர் புதியவரை நம்பினார் என்று கொள்வதே பொருந்தும். அந்த நம்பிக்கையை அறியாமை என்று சொல்லலாம். பள்ளிவாசல்களையும் அரச கல்லறைகளையும் பெயர்த்துக் கோட்டை கட்டியவர்களைப் பார்த்துக்கொண்டே நம்பினார் என்பதால் அறியாமை என்பதும் மென்மையான சொல்தான்.

1514-இல் கணக்கு மாறியது. மலாய், முஸ்லிம் வணிகரைத் துறைமுகத்துக்குத் திரும்ப அழைக்க முஸ்லிம் தலைவர் ஒருவர் தேவை என்று கருதிய போர்த்துகீசியர், சுல்தான் மஹ்மூதின் மருமகனான கம்பார் மன்னர் அப்துல்லாவைப் பெண்டஹாராவாக்க முடிவுசெய்து சத்துவை விலக்கினர். சிலுவையோடு வந்தவர்களும் சந்தைக்காக இந்துவை நீக்கி முஸ்லிமை அமர்த்தினர் என்பது அவர்களின் சமயப் பற்றுக்கு நல்ல உரைகல். அவமதிப்பைத் தாங்காத சத்து, மேடை எழுப்பி, நறுமண மரங்களை அடுக்கித் தீ வளர்த்து, கூடியிருந்தோரிடம் தாம் ஆற்றிய பணிகளையும் பெற்ற கைம்மாற்றையும் எடுத்துரைத்துவிட்டுத் தீயில் பாய்ந்தார் என்று போர்த்துகீசிய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவருடைய இடத்துக்கு வந்த அப்துல்லாவையும் மறு ஆண்டே சந்தேகத்தின்பேரில் அதே போர்த்துகீசியர் கொன்றனர்.

சத்துவிடம் இருந்தது தளபதியின் தயவு. உரிமைக்குச் சான்றான எழுத்து எதுவும் இல்லை. எழுத்துக் கிடைக்க 1781 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில், போர்த்துகீசியருக்குப் பின் வந்த டச்சு ஆட்சி செட்டிகளின் தலைவர் தைவநாயகம் செட்டியிடம் அளித்த நிலத்தில் எழுந்த பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம், 1748-இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசலோடும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலோடும் ஒரே தெரு வரிசையில் இன்றும் நிற்கிறது. மலாக்கா செட்டிகள் தமிழ்ப் பேச்சை இழந்து மலாய் பேசுகின்றனர். கோயில் நிலம் மட்டும் அவர்களுடையது. டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழிலைத் தொடங்கிவைத்த பிறகு, கங்காணிகள் வழியாக மலாயாத் தோட்டங்களுக்கு வந்து பால்மரம் வெட்டியவர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்கள் தமிழை இழக்கவில்லை. ஆனால் அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில்கள் கம்பெனி நிலத்தில் நின்றன, 'கிராண்டு' எனப்படும் நிலப்பட்டா அவர்கள் கையில் இல்லை. தோட்டத் துண்டாடலின்போதும் பின்னர் வீடமைப்புக்காக நிலங்கள் கைமாறியபோதும் அக்கோயில்கள் அனுமதியில்லாத கட்டடங்களாகிவிட்டன. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் திரண்ட, இந்து உரிமை அமைப்பான ஹிண்ட்ராப்பின் பேரணிக்குக் கோயில் உடைப்புகள் முதன்மையான காரணங்களுள் ஒன்று.

ரீட் ஆணையம் நாட்டுக்குச் சமயம் குறிக்கும் பிரிவை முதலில் சேர்க்கவில்லை என்பதையும், பாகிஸ்தானிய நீதிபதி அப்துல் ஹமீது தனித்து நின்று மாற்றுக் கருத்து எழுதியதையும், பிற சமயங்களை அமைதியாகப் பின்பற்றலாம் என்னும் தொடரோடு அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு அமைந்த விதத்தையும் சொல்ல இப்பகுதியில் இடமில்லாமற் போயிற்று. பண்டார் ஹிலிர் திடல் அடுத்த வாரம்.