புதிய செவிலியரின் முதல் பணியாண்டு

செவிலியப் படிப்பை முடித்துப் பதிவு பெற்ற ஒருவர், மருத்துவமனை வேலையில் தனியாகக் காலூன்றும்வரை அவருக்குத் திட்டமிட்ட துணை தரும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அது பெரும்பாலும் ஓராண்டு நீடிக்கும். பிரிட்டனிலும் ஜப்பானிலும் அனுபவமுள்ள ஒரு செவிலியரைப் ‘பிரிசெப்டர்’ ஆக்கிப் புதியவரை அவரிடம் ஒப்படைக்கிறார்கள்; இதைப் ‘பிரிசெப்டர்ஷிப்’ என்பார்கள். அமெரிக்காவில் இது ‘நர்ஸ் ரெசிடென்சி’ என்ற ஓராண்டுப் பயிற்சியாக வளர்ந்திருக்கிறது.

இந்தத் துணை ஏன் வேண்டும் என்பதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர் மார்லீன் கிராமர். 1974இல் வெளிவந்த ‘ரியாலிட்டி ஷாக்’ என்ற நூலில், செவிலியர்கள் ஏன் தொழிலையே விட்டுப் போகிறார்கள் என்று ஆராய்ந்தார். கல்லூரி, ஒரு நோயாளியை முழுமையாகக் கவனிக்கக் கற்றுத்தருகிறது. வார்டோ ஒரே நேரத்தில் பலரைக் கடிகாரத்தோடு ஒப்படைக்கிறது. தேனிலவு, அதிர்ச்சி, மீட்சி, தெளிவு என நான்கு கட்டங்களை அவர் பிரித்துக் காட்டினார். கனடா ஆய்வாளர் ஜூடி டுஷர் 2009இல் இதை மேலும் விரித்து, அதிர்ச்சி மிகக் கடுமையாக இருப்பது முதல் சில மாதங்களில்தான் என்றார்.

கோளாறு அறிவுக் குறைவில் இல்லை என்பதைச் செவிலிய ஆய்வாளர் பாட்ரிசியா பென்னர் 1984இல் விளக்கினார். சதுரங்க வீரர்களையும் விமானிகளையும் வைத்து டிரைஃபஸ் சகோதரர்கள் வகுத்த திறன் வளர்ச்சியின் ஐந்து படிகளை அவர் செவிலியத்துக்குப் பொருத்தினார். புதுப் பட்டதாரி இரண்டாவது படியில் நிற்பவர். விதிகள் எல்லாம் தெரியும். அவற்றில் இந்த நிமிடம் எது முக்கியம் என்பது பிடிபடாது. அது கைவர ஒரே வகை வேலையில் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும் என்பது பென்னரின் கணக்கு. இதைப் படித்த பிறகும், ஆள் பற்றாக்குறை வரும்போதெல்லாம் புதியவரையே வார்டு வார்டாக மாற்றிப்போடும் நிர்வாகத்தை என்னவென்பது?

ஓர் உதாரணம் பார்க்கலாம். நைட் டியூட்டியில் ஒரு நோயாளிக்கு மூச்சு நிமிடத்துக்கு 24, ஆக்சிஜன் செறிவு 93 சதவீதம், நாடித்துடிப்பு 112. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் திடுக்கிட வைக்காது. காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தம் சரி, பேசினால் பதில் சொல்கிறார். பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் புழங்கும் ‘நியூஸ் 2’ அட்டவணையில் அந்த மூன்றுக்கும் தலா 2 புள்ளி. கூட்டினால் 6. ஐந்தைத் தொட்டாலே அவசரமாக மதிப்பிட வேண்டும் என்பது விதி. பழுத்த செவிலியருக்குக் கட்டிலருகே போனதுமே உறைப்பதைப் புதியவருக்கு இந்தக் கூட்டல் சொல்லிவிடுகிறது.

அடுத்த தடை டெலிபோன். தூக்கத்திலிருக்கும் டியூட்டி டாக்டரை எழுப்பி, எங்கே திட்டு விழுமோ என்ற பயத்தில் சுற்றி வளைத்துப் பேசி, முக்கியமானதைக் கடைசியில் சொல்வது புதியவர்களின் வழக்கம். நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, உங்களிடம் கேட்பது என்ற நான்கு படி ‘எஸ்பார்’ முறை அதற்கென்றே கற்பிக்கப்படுகிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்த முறை இது. நான்காவது படிதான் கடினம்: “நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்” என்று மூத்தவரிடம் சொல்லும் தைரியம் அட்டவணையில் வராது. பிரிசெப்டர் பக்கத்தில் நின்று இரண்டு மூன்று முறை பேச வைத்தால்தான் வரும்.

ஆனால் அந்தப் பிரிசெப்டருக்கும் அன்றைக்கு முழு எண்ணிக்கையில் நோயாளிகளைக் கொடுத்தால், அவர் பெயருக்குத்தான் வழிகாட்டி. புதியவரை ஆள் கணக்கில் சேர்க்காமல் சில வாரம் கூடுதல் ஆளாக வைப்பதற்குப் பணம் வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு 2007இல் புதுப் பட்டதாரிகளை அப்படி முழுநேரக் கூடுதல் பணியிடங்களில் அமர்த்த நிதி ஒதுக்கியது. ஸ்காட்லாந்து 2006இல் புதியவர்களுக்கென ‘ஃப்ளையிங் ஸ்டார்ட்’ திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவில் 2002இல் தொடங்கிய ரெசிடென்சித் திட்டமொன்று ஆண்டு முழுக்கக் குழுக் கூட்டங்களை நடத்துகிறது; புதியவர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசவும் அதில் இடமுண்டு. ஜப்பானில் புதியவர்கள் பெரும்பாலும் ஏப்ரல் 1 அன்று மொத்தமாகப் பணியில் சேருகிறார்கள். 2009இல் திருத்தப்பட்டு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், அவர்களுக்குப் பயிற்சி தர மருத்துவமனைகள் முயல வேண்டும் என்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை.

இந்தியாவில் செவிலியப் படிப்புக்குள்ளேயே பயிற்சிப் பணிக்காலம் உண்டு. ஆனால் அது மாணவராக இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. பதிவுக்குப் பிறகு, தரச்சான்றுக்காகச் சில நாள் அறிமுகப் பயிற்சி நடக்கும். மற்றதெல்லாம் இன்சார்ஜ் சிஸ்டரின் குணத்தைப் பொறுத்தது. துணைக்குப் பதிலாகப் பாண்டு எழுதி வாங்கி ஆளைத் தக்கவைக்கப் பார்க்கும் தனியார் மருத்துவமனைகளும் உண்டு.

சென்னையிலோ மதுரையிலோ பல ஆண்டு வார்டு பார்த்துவிட்டு பிரிட்டன் போகும் செவிலியர்கள் அங்கே பிரிசெப்டர்ஷிப்பைச் சந்திப்பதுண்டு. பிரிட்டனின் செவிலியர் கவுன்சில் 2020இல் வெளியிட்ட நெறிகள், அங்கே படித்து வருகிறவர்களோடு வெளிநாட்டில் படித்து வருகிறவர்களுக்கும் இந்தத் துணை கிடைக்க வேண்டும் என்கின்றன.